பல்லுப்போன அட்டை

மாத்திரைக் கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பெயர். பட்டம் கொடுத்தவர்கள் அவளோடு வேலை பார்த்த பெண்கள்தான். அங்கே ஓடுகிற பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் வரிசை கட்டி வரும். அட்டைக்குப் பத்துக் குழி. பத்திலும் மாத்திரை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது இவர்கள் வேலை. ஒரு குழி காலியாக வந்துவிட்டால் அதைப் பல்லுப்போன அட்டை என்பார்கள். மற்றவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். கழுகு, பக்கத்தில் நிற்பவளின் மாமியார் கதைக்கு “அப்புறம்?” கேட்டபடியே கையை நீட்டி ஒன்றை உருவிப் போடுவாள். பார்த்தால் பல்லுப்போனது. பெட்டிக்குள் போய்விட்ட அட்டையும் தப்பாது. மேட்டுப் பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு தடவு, அவ்வளவுதான்.

“உன் கட்டைவிரலுக்கும் ஒரு கண்ணு வச்சுப் பெத்திருக்காடி உங்கம்மா” என்பார்கள்.

அவளையும் அவள் அண்ணனையும் அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவன் ஸ்டோர் மாமா. அண்ணிக்குத் தாய்மாமன். அண்ணியின் அம்மாவையும் சேர்த்துப் பிறந்தவர்கள் ஐந்து பேர். நாலு பெண்ணுக்குப் பிறகு கடைசியாக வந்த ஒற்றை ஆண் இவன். அக்காமார் நாலு பேரும் முறை வைத்து இடுப்பில் சுமந்தார்கள். கால் தரையில் படாமல் வளர்ந்தவனுக்கு எதிரில் நிற்கிறவர்கள் எல்லாம் கால்மிதியாகத்தான் தெரிவார்கள் போலிருக்கிறது. கம்பெனியில் ஸ்டோர் முழுக்க அவன் பொறுப்பு. கிழவன் முதல் குமரி வரை எல்லோருக்கும் அவன் மாமா. அண்ணன் கம்பெனி வேன் ஓட்டினான், இவள் பெல்ட்டில் நின்றாள். அப்பா இல்லாத வீட்டில் அடுப்பு எரிவதே மாமாவால்தான் என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஸ்டோரில் இருப்பு எடுக்கிற நாள் ஒன்று. “அட்டைப்பெட்டி எத்தனை இருக்குன்னு எண்ணணும், கழுகுக் கண்ணு வேணும், வாம்மா” என்று கூப்பிட்டுப் போனான். பெட்டி ரூமுக்கு ஒரே கதவு. அதை உள்ளே இருந்து பூட்டினான்.

அந்த அறையில் அவன் அவளுக்குச் செய்ததை இங்கே விலாவாரியாக எழுதப்போவதில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. சொல்ல வேண்டிய இடத்தில் அவளே சொல்வாள். சொல்லவிடாமல் இருக்க அவள் வீட்டார் என்னென்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே எழுத வேண்டியது.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னாள். பெற்றவள் முதலில் மகளைத் தொடவில்லை. ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் வந்து மகள் வாயைப் பொத்தினாள். “உங்கண்ணிக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டுபடும்டி” என்றாள். வீடு ரெண்டுபடுமாம்! அவள் உடம்பு ஏற்கெனவே நூறுபட்டுக் கிடந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அண்ணனுக்குத் தெரிந்தது, அண்ணிக்கும் தெரிந்தது. தெரிந்தவர்கள் எல்லாம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இவள் தூங்க வேண்டும். மறுநாள் அண்ணன் தனக்குப் பழக்கமான டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்டார், அண்ணன் பதில் சொன்னான். “தூக்கம் வரல சார், சும்மா சும்மா பயப்படுறா.” இவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதனால் பயம் என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்.

பதினைந்து நாள் சீட்டு ஐந்து வருஷம் ஓடியது. மடித்து மடித்து எழுத்தெல்லாம் அழிந்துபோன பிறகும் ஓடியது. மருந்துக் கடைக்காரர் அண்ணன் தலையைப் பார்த்ததுமே அட்டையை எடுத்து வைத்துவிடுவார். “தங்கச்சிக்குத்தானே? நல்லாத் தூங்குதா?”

நல்லாத் தூங்கியது. மாத்திரையின் மேல் பழி போடக்கூடாது. முதல் கொஞ்ச நாள் அது இல்லாவிட்டால் அவள் என்ன ஆகியிருப்பாளோ தெரியாது. ஸ்டோர் மாமா பெல்ட் ஓரமாக நடந்து வந்து, “என்னம்மா, சௌக்கியமா?” என்று கேட்கும்போது நடுங்காமல் நிற்க அதுதான் கை கொடுத்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கனமான கம்பளியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் கம்பளி ஒரு பக்கம் மட்டுமா மறைக்கும்? கூட நிற்கிறவள் சிரிப்பு தாமதமாக வந்து சேர்ந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவது நாற்றம் வந்த பிறகு தெரிந்தது. ஒன்று போதாமல் காலையில் ஒரு பாதி சேர்ந்தது, பிறகு அந்தப் பாதியும் முழுசாயிற்று. நாளாக நாளாகக் கழுகுக்குக் கண் மங்கியது. ஒரு தடவை பல்லுப்போன அட்டை பன்னிரண்டு, வெளியூர்க் கடை வரை போய்த் திரும்பி வந்தது. பெல்ட்டில் இருந்து எடுத்து லேபிள் ஒட்ட உட்கார வைத்தார்கள். பெண்களும் பேரை மாற்றினார்கள். தூங்குமூஞ்சி.

வீட்டில் யாருக்கும் அதில் வருத்தமில்லை. தூங்குமூஞ்சி சத்தம் போடாது, கேள்வி கேட்காது. என்றைக்காவது முகம் சுளித்தால், தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைத்தால், உடனே எங்கிருந்தாவது குரல் வரும். “மாத்திரை போட்டியா?” அம்மா கேட்பாள், அண்ணி கேட்பாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் கேட்பான். சாப்பிட்டியா என்று கேட்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டில் இதுதான்.

அப்போது பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயசு. வந்த முதல் வாரமே மேற்பார்வை மேடத்திடம், “ஃபேன் என்ன மேடம், அழகுக்கு மாட்டி வச்சதா?” என்று கேட்டவள். வாயாடி என்று பெயர் வைத்தார்கள். இருப்பு எடுக்கிற நாள் வந்தது. ஸ்டோர் மாமா அவளிடமும் போய், “உனக்குக் கண்ணு நல்லாருக்கும்மா, பெட்டி ரூமுக்கு வா” என்றான்.

கொஞ்ச நேரத்தில் வாயாடி ஓடி வந்து பெல்ட் நடுவில் நின்று கத்தினாள். என்ன செய்யப் பார்த்தான் என்று மறைக்காமல் கத்தினாள். இருபது பெண்கள் தலையைக் குனிந்து அட்டையைப் பார்த்தார்கள். பின்னாலேயே ஸ்டோர் மாமா மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தான். “பெட்டி பின்னு கிழிச்சிருச்சு. இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல” என்றான். லேபிள் மேஜையில் இருந்து கழுகு அந்தக் கையைப் பார்த்தாள். கைக்குட்டைக்கு வெளியே வளைவாக ஒரு வரிசைத் தடம். மேலே நாலு, கீழே நாலு.

வாயாடிக்கு ஒரு பல்லும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் அவளுக்குச் சட்டென்று புரிந்த முதல் விஷயம் அது.

வாயாடி எழுதிக் கொடுத்தாள். கம்பெனியும் வேறு வழியில்லாமல் மூன்று பேரை விசாரிக்கப் போட்டது. வெளியில் இருந்து ஒரு வக்கீலம்மா, ஆபீஸ் பெரியவர் ஒருத்தர், மேற்பார்வை மேடம். சாட்சி இல்லையே என்று இழுத்தார்கள்.

வாயாடி கை கழுவுகிற இடத்தில் கழுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்களையும்தானே?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அந்தாளு இந்தப் பக்கம் நடந்தா எல்லாரும் குனியிறாங்க. நீங்க மட்டும் மூச்சையே நிறுத்திடுறீங்க. அந்தாளு போற வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். செத்துடப் போறீங்கன்னு பயமாயிருச்சுக்கா.”

கழுகு குழாயை மூடினாள். மறுபடி திறந்தாள். “நான் பேசினா எவ நம்புவா? பாதி நேரம் நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது.”

“அப்போ முழுசா இருந்து பேசுங்க.”

அந்த வாரம் அரை நாள் லீவு போட்டு, வீட்டில் சொல்லாமல், பொது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மாள் சீட்டைப் பிரித்தாள், அது நாலு துண்டாக மேஜையில் விழுந்தது.

“இது என்ன, மருந்துச் சீட்டா, செப்பேடா?” என்று சிரித்தவள், இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “எதனால ஆரம்பிச்சீங்கம்மா?”

ஐந்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கழுகு சொன்னாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்கள்.

“இப்பவே நிறுத்திடுறேம்மா.”

“அந்த வேலையே வேணாம். ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம். மாசக்கணக்காகும், பரவாயில்ல. வாரம் ஒருக்கா இங்க ஒரு அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட உக்காந்து பேசுங்க.” டாக்டரம்மா ஒரு அட்டையில் எந்த வாரம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் எழுதினாள். “இன்னொன்னு. குறைக்கக் குறைக்க உங்களுக்குக் கோபம் வரும். மருந்து குறைஞ்சாலும் எரிச்சல் வரும்தான். உங்களுக்கு வர்றது அது மட்டும் இல்ல. அதுக்குன்னு நான் தனியா ஒன்னும் எழுதித் தர மாட்டேன்.”

விசாரணை இரண்டு தடவை தள்ளிப் போனது. அதுவும் ஒரு வகையில் நல்லதாயிற்று. குறைக்க நாள் கிடைத்தது. கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, எல்லாம் பட்டாள். சொன்ன மாதிரியே கோபமும் வந்தது. எரிச்சல், சிடுசிடுப்பு என்று சொல்கிற ரகம் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தால் பிடுங்கி எடுத்துவிடலாம் போல வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி உள்ளே வந்து, “மாமா வர்றாரு, டீ போடு” என்றாள்.

“அவன் வாய் வைக்க இந்த வீட்ல டம்ளர் இல்ல அண்ணி.”

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். வேறென்ன கேட்பான்?

“மாத்திரை போட்டியா?”

“விசாரணைக்குப் போறேன்ணே. நடந்ததைச் சொல்லப் போறேன்.”

“பைத்தியமாடி உனக்கு? அவர் போட்ட சோறு இது!”

“சோறு நான் பெல்ட்டுல நின்னு சம்பாதிச்சது. அவன் போட்டது அந்த மாத்திரை. அதையும் அவன் போடல, நீ போட்ட.”

அண்ணி அழுதாள். எங்க மாமா அப்படிப்பட்டவரே இல்லை என்றாள். அடுத்த மூச்சிலேயே, “நடந்தது நடந்து போச்சு, இப்போ எதுக்குக் கிளறணும்?” என்றாள். இல்லாத ஒன்று எப்படி நடந்து போகும் என்று அவளைக் கேட்பார் யாருமில்லை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை நாள் வந்தது. காலை பத்து மணிக்கு. அண்ணன் விடிந்ததுமே வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகும்போது, “பார்த்துப் போயிட்டு வா” என்றான். ஒரு மாசமாக முகம் கொடுத்துப் பேசாதவன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அம்மா டீ கொண்டுவந்து நீட்டினாள். மகளுக்கு அவள் கையால் டீ கொடுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. “சூடு ஆறுறதுக்குள்ள குடிம்மா. வெறும் வயித்தோட போகாத” என்றாள். குரல் அத்தனை இனிப்பு.

கழுகு டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அட்டையைப் பையில் வைக்க வேண்டுமென்று மாத்திரை டப்பாவைத் திறந்தாள். பழக்க தோஷம், மாத்திரை அட்டையின் மேல் கட்டைவிரல் தானாக ஒரு தடவு தடவியது.

விரல் நின்றுவிட்டது.

அவள் எப்போதும் ஓரத்தில் இருந்து வரிசையாக எடுப்பவள். பல வருஷம் பெல்ட்டில் நின்ற கை, வேறு மாதிரி எடுக்கத் தெரியாது. அன்றைக்கு அட்டையில் ஓரத்து நாலு போக மீதி ஆறு இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது. நடுவில் இரண்டு பல்லுப் போயிருந்தது, பின்பக்கத் தாள் புதுசாகக் கிழிந்து. எடுத்தவள் அட்டையை இருந்த இடத்தில் இருந்தபடியே திரும்ப வைத்திருந்தாள். ஊரை ஏமாற்றலாம். அட்டை பார்த்துப் பிழைத்தவளை அட்டையிலேயே ஏமாற்றப் பார்த்தாள், பாவம்.

டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். அடியில் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

“அம்மா, இந்தா. இதை நீ குடி.”

“நான் அப்பவே குடிச்சிட்டேம்மா.”

“இன்னொரு தடவை குடி. ஒரு வாய்.”

அம்மா பின்னால் நகர்ந்தாள். “உன் நல்லதுக்குத்தான்டி… கொஞ்சம் கண்ணசந்தா மத்தியானம் ஆயிடும், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு உங்கண்ணன்தான்…”

“அவன் சொன்னான், நீ பொடிச்ச. அன்னைக்கும் நீதான் வாயைப் பொத்தின. கை வலிச்சதும் மாத்திரையை வச்சுப் பொத்தினீங்க. எனக்குத் தூக்கம் வரலைன்னா வாங்கினீங்க? நான் முழிச்சிருந்தா உங்களுக்குத் தூக்கம் வரல, அதுக்கு வாங்கினீங்க.”

“நான் என்னடி செய்யட்டும்? ரெண்டு பேரையும் பெத்தவ.”

“ரெண்டு பேரையும்தான் பெத்த. ஒருத்திக்கு மட்டும்தானே டீ கொடுத்த?”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கழுகு டீயைக் கொட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அதில் ஊற்றி, மூடியைத் திருகி, மாத்திரை டப்பாவோடு பையில் வைத்தாள்.

“அதை எதுக்குடி எடுத்துட்டுப் போற?”

“ஆறிப் போனாலும் குடிக்க ஆள் இருக்கு.”

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றபடியே போனாள்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் காலி நாற்காலி, ஓரத்தில் ஸ்டோர் மாமா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இவள் உள்ளே வந்ததும் வாசலையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் வரமாட்டாள் என்று அவனுக்கு யாரோ வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆபீஸ் பெரியவர் ஒரு கடிதத்தை எடுத்தார். “உங்க அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கார். உங்களுக்கு மனநிலை சரியில்லையாம், வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறீங்களாம். நீங்க சொல்றதை எப்படி எடுத்துக்கறது?”

“அம்மாடி, உடம்பு முடியாம எதுக்கு அலையிற?” என்றான் ஸ்டோர் மாமா. தாய்மாமன் குரல்தான், குறை சொல்ல முடியாது.

கழுகு மாத்திரை அட்டையை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

“ஆமா சார், சாப்பிடுறேன். இப்பவும் அரை மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் எழுதின கணக்குல. அண்ணன் பொய் சொல்லல. எத்தனை வருஷமான்னு எழுதியிருக்கானா?”

பெரியவர் பார்த்தார். “அஞ்சு வருஷம்.”

“எந்தத் தேதியில ஆரம்பிச்சதுன்னு அந்த மருந்துக் கடையில கேளுங்க. அதுக்கு முந்தின நாள் ஸ்டோர்ல இருப்பு எடுத்தாங்க. அன்னைக்குப் பெட்டி எண்ணி எழுதின இருப்புச் சீட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பதினாலு வரி வரைக்கும் என் எழுத்து. பதினஞ்சுல இருந்து இவர் எழுத்து. பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல நடந்ததை நான் சொல்றேன். எழுதிக்கோங்க.”

சொன்னாள். வக்கீலம்மா எழுதினாள். பூட்டு எந்தப் பக்கம் திரும்பியது, கீழே கிடந்த ஒட்டுநாடா என்ன நிறம், அறைக்கு வெளியே பெல்ட் எத்தனை தடவை நின்று ஓடியது, எல்லாம் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்து, விட்ட வார்த்தையில் இருந்தே தொடர்ந்தாள். ஐந்து வருஷத் தூக்கத்தில் எல்லாம் அழிந்துபோயிருக்கும் என்றா நினைத்தார்கள்? கழுகு கண்ணை மூடியிருந்தது உண்மை. பார்த்ததை அது மறக்கவில்லை.

ஸ்டோர் ரூமில் இருந்து பழைய கட்டு ஒன்று வந்தது. மேற்பார்வை மேடம் தூசி தட்டிப் புரட்டினாள். ஒரு தாளில் நிறுத்தி விரலை வைத்தாள். பிறகு அதை வக்கீலம்மா பக்கம் தள்ளினாள். பதினாலாவது வரியில் ஏழு என்று எழுத ஆரம்பித்து, பாதியில் நின்றிருந்தது.

இஸ்திரிச் சட்டை அக்குளில் நனைந்துவிட்டது. “அம்மாடி…” என்றான்.

“எனக்கு நீ மாமா இல்ல. இந்த அறையில யாருக்கும் நீ மாமா இல்ல” என்றாள். வக்கீலம்மா அதையும் எழுதிக்கொண்டாள்.

அவனை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள், மேலே போலீசுக்கும் எழுதப்போவதாகச் சொன்னார்கள். நாலு அக்காமாரும் அதற்குள் யார் யார் காலில் விழக் கிளம்பினார்களோ. அது தனிக் கூத்து.

வெளியே வாயாடி காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவையாவது அவள் வாயை மூடிக்கொண்டு நின்றதைக் கம்பெனி அன்றுதான் பார்த்தது. இரண்டு பேரும் கேட்டைத் தாண்டினார்கள். அங்கே வேன் நின்றது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை நீட்டினான். விஷயம் அவனுக்கு எட்டியிருந்தது.

“என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? மாத்திரை போட்டியா இல்லையாடி நீ?”

கழுகு பையில் இருந்து பாட்டிலை எடுத்தாள். ஜன்னல் வழியாக அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இந்தா. அம்மா போட்ட டீ. எனக்குக் கொடுத்தா, நான் உனக்குக் கொண்டுவந்தேன். நல்லதுக்குத்தானே போட்டீங்க, ஒரு மடக்குக் குடி. குடிச்சிட்டு வண்டியை எடு. நானும் ஏறிக்கிறேன்.”

அண்ணன் பாட்டிலைப் பார்த்தான். அடியில் வெள்ளை இறங்கியிருந்தது. அவன் கை ஸ்டியரிங்கை விடவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அப்போதும் விடவில்லை.

“குடிக்க மாட்டல்ல?” என்றாள். பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாயாடியோடு நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

அன்றைக்கு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வாயாடி தங்கியிருந்த அறையில், டாக்டரம்மா அட்டையில் எழுதியிருந்தபடி, அரை மாத்திரையை எடுத்தாள். ஓரத்தில் இருந்து, வரிசைப்படி, அவளே எடுத்தாள். போடுவதற்கு முன்னால் வாயாடியிடம் திரும்பி, “யாரும் கேட்க வேண்டாம், நானே சொல்லிடுறேன். மாத்திரை போட்டுக்கறேன்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவள் கோபம் அப்படியேதான் இருந்தது.